கம்ப்ரசர் இல்லாத பெட்டியில் பால் குளிருமா?

பெல்டியர் பெட்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கேள்வி இது. “மூன்று கறவை மாடும் இருபது நாட்டுக்கோழியும் வைத்திருக்கிறோம். காலைப் பால் வாடிக்கை வீடுகளுக்குப் போய்விடுகிறது. மாலைப் பாலில் பத்து லிட்டர் வரை சில நாள் நின்றுவிடுகிறது. கம்ப்ரசர் இல்லை, கேஸ் இல்லை, சோலாரில் ஓடும் என்று சொல்லி 20 லிட்டர் பெட்டி ஒன்றைக் கடையில் காட்டினார்கள். பாலும் கெடாது, கோழித் தடுப்பூசியும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். போன கோடையில் தடுப்பூசி போட்டும் குஞ்சுகள் கழிச்சலில் செத்துப்போயின. சங்கிலியை அடகு வைத்து வாங்கலாம் என்று இருக்கிறேன். வாங்கலாமா?”

இந்தக் கேள்வி கோவிலம்பாக்கத்தோடு நிற்பதில்லை. மேடவாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை என்று தாம்பரத்தைச் சுற்றிய ஊர்களில் வயல்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. ஆனாலும் மாட்டையும் கோழியையும் விடாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மேய்ச்சல் நிலம் சுருங்கிய பிறகு அந்தக் குடும்பங்களுக்கு ஒரு வேளைப் பால் கெடுவதுகூடப் பெரிய நட்டம். ஆகவே பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு பதில் தேடுவது நல்லது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

இத்தகைய பெட்டிகளின் உயிர் ஒரு சிறிய தகடு. நான்கு சென்டிமீட்டருக்கு நான்கு சென்டிமீட்டர் அளவு. கனம் சுமார் நான்கு மில்லிமீட்டர். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ‘பெல்டியர் தகடு’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். மேலும் கீழும் வெள்ளைப் பீங்கான். நடுவில் பிஸ்மத் டெல்லூரைடு என்ற குறைகடத்திப் பொருளால் ஆன சிறு கட்டிகள், பரவலாக விற்கும் வகையில் 127 ஜோடி, வரிசையாக நிற்கும். 12 வோல்ட் மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் சில்லிடும், மறுபக்கம் சுடும். ஒயரை மாற்றிக் கொடுத்தால் சூடும் குளிரும் பக்கம் மாறிவிடும். ஓடும் பாகம் எதுவும் இல்லை. சத்தம் என்றால் உடன் வரும் மின்விசிறியின் சத்தம் மட்டுமே.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1821-ல் ஜெர்மானிய அறிஞர் தாமஸ் சீபெக் இரண்டு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து, ஒரு இணைப்பை மட்டும் சூடாக்கினார். அருகில் இருந்த காந்த ஊசி அசைந்தது. வெப்ப வேறுபாடு மின்சாரத்தை உண்டாக்கும் என்பது இதிலிருந்து தெரிய வந்தது. 1834-ல் பிரான்சில் ஷான் பெல்டியர் இதன் மறுபக்கத்தைக் கண்டார். இணைப்பு வழியே மின்சாரம் பாய்ந்தால் ஒரு முனை சூடாகும், இன்னொரு முனை குளிரும். கடிகாரம் செய்யும் தொழிலிலிருந்து அறிவியலுக்கு வந்தவர் அவர். 1838-ல் ரஷ்யாவில் லென்ஸ் என்ற அறிஞர் பிஸ்மத், ஆன்டிமனி உலோகங்கள் சேரும் இடத்தில் ஒரு துளி நீரை வைத்து, மின்சாரம் செலுத்தி அதை உறைய வைத்துக் காட்டினார். மின்சாரத்தைத் திருப்பி விட்டதும் பனி உருகியது.

உறைந்தது ஒரு துளி. பெட்டியில் வைக்கப்போவது பத்து லிட்டர் பால். முழு விஷயமும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

ஓட்டைச் சாலில் இறைத்த கதை

எந்தக் குளிர்சாதனமும் குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். கிணற்றிலிருந்து கவலை இறைப்பது போன்ற வேலை அது. கிணறு ஆழமானால் மாடு அதிகம் இழுக்க வேண்டும். அதேபோல உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வித்தியாசம் கூடக் கூட வேலையும் கூடும்.

வீட்டு ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் ஒரு திரவத்தை ஆவியாக்கித் திரும்பவும் திரவமாக்கி வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு யூனிட் அளவு வெப்பத்தை அது வெளியே தள்ளும். பெல்டியர் தகட்டில் அந்த வேலையைத் தகட்டினுள் ஓடும் மின்சாரமே செய்கிறது. ஆனால் சூடான பக்கமும் குளிர்ந்த பக்கமும் நான்கு மில்லிமீட்டர் தள்ளி ஒட்டிக்கொண்டிருப்பதால், இறைத்த வெப்பத்தில் ஒரு பகுதி தகட்டின் வழியாகவே திரும்பி வந்துவிடுகிறது. மின்சாரம் ஓடுவதால் தகடே சூடாகி, அந்தச் சூட்டிலும் பாதி உள்ளே இறங்குகிறது. ஓட்டைச் சாலில் இறைத்தது போலத்தான். ஆழம் குறைவாக இருந்தால் ஓரளவு தண்ணீர் மேலே வரும். ஆழம் கூடினால் பாதி வழியிலேயே ஒழுகிவிடும். நம் ஊர் வெயிலில், உள்ளே நன்றாகக் குளிர வேண்டும் என்றால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அரை யூனிட் வெப்பம்கூட வெளியேறுவது கடினம்.

பத்து லிட்டர் பாலின் கணக்கு

கறந்த பால் மாட்டின் உடல் சூட்டில், சுமார் 37 டிகிரியில் இருக்கும். கெடாமல் வைக்க அதை 7 டிகிரிக்காவது இறக்க வேண்டும். பத்து லிட்டர் பாலை 30 டிகிரி குளிர்விக்க வெளியேற்ற வேண்டிய வெப்பம் சுமார் 1,200 கிலோ ஜூல். மின் யூனிட்டில் சொன்னால், ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு.

இத்தகைய சிறு பெட்டி சாதாரணமாக 60 வாட் மின்சாரம் எடுக்கும். தொடக்கத்தில் பால் சூடாக இருக்கும்போது வெப்பம் வேகமாக வெளியேறும். குளிரக் குளிர வேகம் குறையும். சராசரியாக 25 வாட் வெப்பம் வெளியேறுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியும் 13 மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக்கு வைத்த பால் மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் குளிரும். இடையில் மூடியைத் திறந்தால் இன்னும் தாமதம்.

சூடு ஆறாத பாலில் கிருமிகள் அரை மணி நேரத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். கறந்து இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் பாலைக் குளிர்விக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான். 13 மணி நேரம் எடுத்துக் குளிரும் பால், குளிர்வதற்குள் புளித்துவிடும். பெட்டியில் கோளாறு இருக்காது. விற்றவர் சொன்னபடி அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த வேலைக்கு ஏற்ற பெட்டி அது இல்லை.

கரண்ட் கணக்கையும் பார்க்க வேண்டும். 60 வாட் பெட்டி நாள் முழுவதும் ஓடினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் பெரும்பகுதியை 20 லிட்டர் பெட்டி ஒன்றே தின்றுவிடும். சுமார் 180 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு கதவு ஃபிரிட்ஜ், நட்சத்திரக் குறியீடு உள்ளது, ஒரு நாளைக்கு அரை யூனிட் அளவில் முடித்துவிடும். ‘கம்ப்ரசர் இல்லை, அதனால் கரண்ட் குறைவு’ என்ற பேச்சு உண்மைக்கு நேர் எதிரானது.

சோலார் என்றால்? 100 வாட் பேனல் நம் பகுதியில் நல்ல வெயில் நாளில் 400 வாட்-மணி அளவுக்குக் கொடுக்கும். பெட்டி ஏழு மணி நேரம் ஓடுவதற்குக்கூட அது போதாது. இரவும் பகலும் ஓட வேண்டுமானால் 400 வாட் பேனலும் 100 ஆம்பியர்-மணிக்கு மேற்பட்ட பேட்டரியும் வேண்டும். அந்தச் செலவைப் பெட்டியின் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தடுப்பூசிக்காவது உதவுமா?

வாசகியின் கடிதத்தில் முக்கியமான வரி குஞ்சுகள் செத்ததைப் பற்றியது. கோழிக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய்க்கான தடுப்பு மருந்து உயிருள்ள வைரஸைக் கொண்டது. அதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். மே மாத மதியத்தில் பையில் போட்டு, பேருந்தில் இரண்டு மணி நேரம் கொண்டு வந்தால் மருந்தின் வீரியம் போய்விடும். குப்பியைப் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. சொட்டு மருந்து விட்ட திருப்தி இருக்கும், பாதுகாப்பு இருக்காது. தடுப்பூசி போட்டும் குஞ்சுகள் சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, பெல்டியர் பெட்டி 2 முதல் 8 டிகிரியைக் காப்பாற்றுமா? மலிவான பெட்டிகளின் அட்டையில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘சுற்றுப்புற வெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரி குறைவு’. வெளியே 38 டிகிரி என்றால் உள்ளே 18 முதல் 23 டிகிரி. குடிக்கிற தண்ணீருக்கு அது சுகம். தடுப்பூசிக்குப் போதாது.

இதே தொழில்நுட்பத்தைத் தடுப்பூசிக்காகவே கவனமாக வடிவமைத்தவர்களும் இருக்கிறார்கள். கர்நாடகத்தில் மணிப்பாலைச் சேர்ந்த பிளாக்ஃப்ராக் நிறுவனத்தின் ‘எம்வோலியோ’ என்ற கைப்பெட்டி, கடைசிக் கிராமம் வரை தடுப்பூசி கொண்டு செல்வதற்காகச் செய்யப்பட்டது. பேட்டரியில் 12 மணி நேரம் வரை வெப்பநிலையைக் காக்கும். அதன் கொள்ளளவு இரண்டே லிட்டர் என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல காப்பு, சிறிய இடம், ஏற்கனவே குளிர்ந்த பொருள் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் இந்தத் தகடு தன் வேலையைச் சரியாகச் செய்யும்.

இருபது கோழிக்கு அதுவும் தேவையில்லை. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 93 வாட்-மணி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். மேலே சொன்ன பெட்டி ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடிச் செய்யும் வேலை அது. வாய் அகன்ற நல்ல ஃபிளாஸ்க், அதில் ஐஸ், நடுவில் பிளாஸ்டிக் உறையில் குப்பி. வாங்கிய இடத்திலிருந்து வீடு வரை இது போதும். கோமாரி போன்ற நோய்களுக்கான, எண்ணெய் கலந்த செயலிழந்த தடுப்பூசிகள் மட்டும் உறையக் கூடாது. உறைந்தால் அவையும் வீண். அவற்றுக்கு ஐஸ் கட்டிப் பையை வெளியே எடுத்து வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருந்து பிறகு பயன்படுத்த வேண்டும்.

இன்னொன்று. கலக்கிய கோழிக்கழிச்சல் மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த வாரம் போடக் கூடாது. குப்பியில் நூறு கோழிக்கான மருந்து இருக்கும். ஆகவே அக்கம்பக்கத்து நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒரே காலையில் போட்டு முடிப்பதே சிக்கனம். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமைத் தவறவிடக் கூடாது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இந்த நோய்க்கு, தீவனம் போலக் கொடுக்கும் வாய்வழிக் குருணை மருந்தையும் உருவாக்கியிருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தினர் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

இந்தத் தகடு எங்கே ஜெயிக்கிறது?

குறை சொல்லிக்கொண்டே போவது நியாயம் ஆகாது. சின்ன இடத்தில், துல்லியமாக, சூட்டையும் குளிரையும் மாற்றி மாற்றித் தர வேண்டிய வேலைகளில் இதற்கு நிகர் இல்லை. கொரோனா காலத்தில் மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரிகளைப் பரிசோதித்த பி.சி.ஆர். கருவிகளில் பெரும்பாலானவை பெல்டியர் தகட்டால்தான் இயங்குகின்றன. கால்நடை நோய்களைக் கண்டறியும் ஆய்வகங்களிலும் அதே கருவிதான். காரில் வைக்கும் சிறு பெட்டி, மேசைமேல் வைக்கும் குளிர்நீர்க் கருவி என்று இன்னும் பல இடங்களில் இது இருக்கிறது.

செயற்கைக் கருவூட்டலுக்கான உறைவிந்துக் குச்சிகளை மட்டும் இதில் வைக்கவே முடியாது. அவற்றுக்கு வேண்டியது மைனஸ் 196 டிகிரி. திரவ நைட்ரஜன் கலன் மட்டுமே அதைத் தரும்.

அடுப்புச் சூட்டில் கரண்ட்

இதே தகட்டின் ஒரு பக்கத்தைச் சூடாக்கி, மறுபக்கத்தைக் குளிர்ச்சியாக வைத்தால் மின்சாரம் வரும். சீபெக் கண்டது இதைத்தான். 1950-களில் சோவியத் ஒன்றியத்தில், மின்சாரம் எட்டாத கிராமங்களுக்காக மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டில் ரேடியோ பாடும் கருவி விற்றார்கள். 1977-ல் விண்ணுக்குப் போன இரண்டு வாயேஜர் விண்கலங்களும் புளூட்டோனியத்தின் சூட்டை இப்படித்தான் மின்சாரமாக்கிக்கொள்கின்றன. சூரிய ஒளி எட்டாத தூரத்தில் பேனல் பயன்படாது. பழுது பார்க்கவும் ஆள் போக முடியாது. ஓடும் பாகம் இல்லாத இந்த முறைக்கு அங்கே மாற்று கிடையாது.

நம் வீட்டு நிலைமை வேறு. கொடுக்கும் வெப்பத்தில் நூற்றில் ஐந்து பங்கு மின்சாரமானால் அதுவே நல்ல தகடு. அமெரிக்காவின் பயோலைட் நிறுவனம் வடிவமைத்த விறகடுப்பில், அடுப்புச் சூட்டில் கிடைக்கும் சில வாட் மின்சாரம் ஒரு சிறு விசிறியை ஓட்டும். மிச்சத்தில் செல்போன் சார்ஜ் ஆகும். விசிறி ஊதுவதால் விறகு நன்றாக எரிந்து புகை குறைகிறது. அடுப்படியில் நிற்பவருக்கு இதில் பெரிய லாபம் அந்தப் புகை குறைவதுதான்.

டீசல் என்ஜின் எரிக்கும் எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகப் புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. அதை மின்சாரமாக்க முடியுமா என்ற ஆராய்ச்சி கோவிலம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. தரமணியில் சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில், மத்திய அரசின் ஏ.ஆர்.சி.ஐ. நிறுவனத்தின் வாகன ஆற்றல் பொருட்களுக்கான மையம் இருக்கிறது. வாகனங்களின் வீணாகும் சூட்டுக்கு ஏற்ற வெப்பமின் பொருட்களை உருவாக்குவதும் அங்கு நடக்கும் வேலைகளில் ஒன்று. நாளை நல்ல பொருள் வந்தால் கணக்கு மாறும். இன்று பம்புசெட்டின் சைலன்சரில் தகட்டைக் கட்டி மோட்டார் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் மாலைப் பால்?

கறந்ததும் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் கழுத்தளவு இறக்கி, சுத்தமான கரண்டியால் அவ்வப்போது கலக்கிவிட வேண்டும். தொட்டித் தண்ணீர் 28 டிகிரி என்றால், அரை மணி நேரத்தில் பால் 30 டிகிரி அளவுக்கு வந்துவிடும். இறக்க வேண்டிய சூட்டில் ஏறக்குறைய கால் பங்கு செலவில்லாமல் போய்விட்டது. அதன்பின் பக்கத்தில் கூட்டுறவுச் சங்கம் மாலைப் பால் எடுத்தால் உடனே கொடுத்துவிடுவது முதல் வழி. அங்கு பெரிய குளிர்கலன் இருக்கும். சங்கம் இல்லையென்றால், காய்ச்சி ஆற வைத்து, சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து, வீட்டில் இருக்கும் சாதாரண ஃபிரிட்ஜில் வைக்கலாம். பத்து லிட்டரையும் ஒரே குடத்தில் வைத்தால் எந்த ஃபிரிட்ஜும் திணறும்.

மூன்றாவது வழி, குளிரே தேவையில்லாத வழி. மிஞ்சிய பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக இருக்கும்போது உறை ஊற்றிவிட்டால் காலையில் தயிர். புறநகரின் அடுக்குமாடி வீடுகளில் நல்ல வீட்டுத் தயிருக்கு வாடிக்கை பிடிப்பது கடினமல்ல.

ஆகவே வாசகிக்குப் பதில்: சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை, பணமும் கொஞ்சம் கையில் இருக்கிறது என்றால், நட்சத்திரக் குறியீடு உள்ள சாதாரண ஃபிரிட்ஜ் வாங்கலாம். தடுப்பூசிக்கு ஒரு ஃபிளாஸ்கும் ஐஸும் போதும்.

கடையில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. வெளியே 38 டிகிரி இருக்கும்போது உள்ளே எத்தனை டிகிரி? ‘எவ்வளவு குறையும்’ என்று கேட்காமல் இப்படிக் கேட்க வேண்டும்.

2. அந்த நிலைக்கு வர எத்தனை மணி நேரம் ஆகும்? எத்தனை லிட்டர் தண்ணீர் வைத்துச் சோதித்தார்கள்?

3. எத்தனை வாட்? தொடர்ந்து ஓடுமா, வேண்டிய குளிர் வந்ததும் தானாக நிற்குமா?

4. தகடு எரிந்தாலோ விசிறி நின்றாலோ மாற்றித் தருவார்களா? மாட்டுக்கொட்டகைத் தூசியும் கோழி இறகும் விசிறியை அடைத்தால் சூடு வெளியேறாமல் தகடு எரிந்துவிடும்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: பெல்டியர் தகட்டை விறகடுப்பில் ஒட்டி செல்போன் சார்ஜ் செய்ய முடியுமா?

பதில்: குளிர்விக்க விற்கும் தகட்டின் உள்ளே உள்ள ஈயப் பற்று, சாதாரண வகையில், 138 டிகிரியில் உருகிவிடும். அடுப்புச் சுவர் அதைவிட மிக அதிகமாகச் சுடும். மின்சாரம் எடுப்பதற்கென்றே அதிக வெப்பம் தாங்கும் தகடுகள் தனியாக உண்டு. அதிலும் மறுபக்கத்தைத் தண்ணீராலோ விசிறியாலோ குளிர்விக்க வேண்டும். செல்போனுக்கு 10 வாட் சோலார் பேனல் எளிது, மலிவு.

கேள்வி: முட்டை பொரிக்கும் இன்குபேட்டருக்கு இது உதவுமா?

பதில்: முட்டைக்கு வேண்டியது 37.5 டிகிரிச் சூடு. அதற்குக் குண்டு பல்பும் தெர்மோஸ்டாட்டும் போதும். கோடையில் அறை அதைவிடச் சூடானால், இன்குபேட்டரைக் காற்றோட்டமான நிழல் அறைக்கு மாற்றுவதே சரி.

கேள்வி: குறைந்த செலவில் வெப்பமின் கருவி ஏதாவது பண்ணைக்கு உண்டா?

பதில்: உண்டு. ‘தெர்மோகப்பிள்’ வெப்பமானி. இரண்டு வேறு உலோகக் கம்பிகள் சேரும் முனையில் உண்டாகும் மிகச் சிறிய மின்னழுத்தத்தை அளந்து வெப்பநிலையைக் காட்டும். சீபெக் கண்ட அதே விளைவுதான். கம்போஸ்ட் குவியலின் நடுவில் செருகிப் பார்த்தால் 55 முதல் 65 டிகிரி இருக்கிறதா என்று தெரியும். அந்தச் சூடு வந்தால்தான் களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். விதைநெல்லை இயந்திரத்தில் உலர்த்தும்போது காற்றின் சூடு 43 டிகிரியைத் தாண்டாமல் கவனிக்கவும் இது உதவும். தாண்டினால் முளைப்புத்திறன் குறையும்.